பட்டையும் நாமமும், நடுவில் ரூபா

ரூபா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கென்றே ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டேன், சிவப்புத் துணி தைத்தது. அதில் அவளுடைய பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் நின்றுகொண்டே கீபோர்டைத் தட்டுவாள், நடந்துகொண்டே சாப்பிடுவாள். போனில் பேசினால் வயர் எட்டுகிற தூரம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்புவாள். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

தமிழ்ச் சங்க மலருக்கு மைசூர்த் தமிழர்களில் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இந்த ஊரில் எனக்குத் தெரியாத பெரிய மனிதர் கிடையாது. பாதிப் பேர் வீட்டுக்கு வயரிங் செய்தவனே நான்தான். அவர்களைப் பற்றி அவர்களே எழுதிக்கொள்வார்கள். நான் ரூபாவைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. படிப்பு நாலாம் வகுப்பு. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து லாரியில் வந்து இறங்கி, வயர்ச் சுருளைத் தோளில் சுமந்து, சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்து, இன்றைக்கு அக்ரஹாரத்தின் ஓரத்தில் மூன்று மாடிக் கட்டடம் வைத்திருக்கிறேன். யாரும் கைதூக்கி விடவில்லை. முதல் மாடி முழுக்கக் கம்ப்யூட்டர். ஒரு பக்கம் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக என்ட்ரி வேலை: வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்கள் படமாக லைனில் வரும், நம் பெண்கள் அதைப் பார்த்து டைப் செய்து திருப்பி அனுப்புவார்கள். இன்னொரு பக்கம் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பு. மெஷின் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம். மொத்தமாக ஒரே தடவையில் இறக்கினேன். அப்படி வாங்கியவர் இந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

ரூபாவின் அப்பா என் கட்டடங்களில் கொத்தனாராக இருந்து காலமானவர். அம்மா அஞ்சலை சித்தாள். கட்டடம் எழும்பும்வரை அதன் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பார்கள். பூச்சு வேலை முடிந்தால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும், அடுத்த கட்டடம். ரூபா பிறந்தது ஒரு கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் போட்ட இடத்தில். பள்ளிக்கூடம் சேர்ந்தது ஒரு ஆஸ்பத்திரி கட்டும்போது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் கேள்வி, "எந்த ஊரும்மா?" மைசூரில் அவள் தமிழ்ப் பெண், சொந்த ஊர் ஹனூருக்குப் போனால் மைசூர்ப் பெண். நீ என்ன ஆகப் போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கிருந்து வருகிறாய் என்பதே எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வந்தாள். நான் சர்டிபிகேட் பார்க்கிறவன் இல்லை. அடிக்கடி விழுந்துகொண்டிருந்த மெயின் சுவிட்சைக் காட்டினேன். அவள் சுவிட்சைத் தொடாமல் மாடி முழுக்கச் சுற்றி வந்து, ஏர்கூலரின் பிளக்கைப் பிடுங்கினாள். சுவிட்ச் அதன்பிறகு விழவில்லை. அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன். ஆளை எடைபோட எனக்குப் பார்வை ஒன்று போதும்.

வேலை கிடைத்ததும் அவள் செய்த முதல் காரியம் அக்ரஹாரத்துக்குப் பின்சந்தில் ஒரு வீடு பிடித்தது. சின்ன வீடுதான், ஆனால் கதவில் எண் போட்டிருந்தது. அஞ்சலையை அதன்பிறகு மண் சுமக்க அவள் விடவில்லை.

இனி லைன் விஷயம். எங்களுக்கு இரண்டு லைன். ஒன்று பெரியது, டெலிபோன் இலாகாவிடம் நடையாய் நடந்து நான் வாங்கியது. இன்னொன்று சின்னது, மெதுவாகப் போவது. பெரிய லைன் என்ட்ரிக்கு, சின்ன லைன் வகுப்புக்கு. பெங்களூர்க் கம்பெனியின் மேனேஜர் முரளிதரன், இரண்டு லைனுக்கு இரண்டு ரௌட்டர் வாங்கச் சொன்னார். ரௌட்டர் என்றால் லைன் வந்து சேருகிற பெட்டி. எந்தச் சரக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கும். ரூபா, "ஒண்ணே போதும்யா" என்றாள்.

"எப்படிப் போதும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு அம்மிணி."

"பாலாறு செக்போஸ்ட்ல பாத்திருக்கீங்கல்ல? வண்டி எங்க போகுதுன்னா பாக்குறாங்க? நம்பர் பிளேட்டத்தான பாக்குறாங்க. தமிழ்நாட்டு வண்டி இந்தப் பக்கம் நில்லு, கர்நாடகா வண்டி அந்தப் பக்கம் போன்னு. சாதாரணமா ரௌட்டரு, எங்க போகணும்னு கேட்டுத்தான் வழி விடும். நான் அதுக்கு, எங்கிருந்து வர்றேன்னு கேளுன்னு சொல்லிக் குடுத்துடறேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஒரு நம்பர் இருக்குதுய்யா. என்ட்ரி நம்பர்னா பெரிய லைன், கிளாஸ் நம்பர்னா சின்ன லைன். பாலிசி ரௌட்டிங்னு பேரு."

புரிந்துவிட்டது. நல்லவிதமாகச் சொன்னால் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை.

முரளிதரனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "தசரா முடிஞ்சதும் பெரிய பேட்ச் ஒண்ணு அனுப்பறேன். அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாம் திரும்பி வரணும் சார். வரலேன்னா எங்க ஆள் அங்க வந்து உக்காருவான். உங்க பொண்ணுக்கு வேலை இல்ல" என்றார். கம்பெனி அவர் கையில், வேலை கொடுக்கிறவர் அவர், நான் சரி என்றேன். ரூபாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் நடையின் வேகம் கூடியது. 

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

மைசூரில் ஆயுத பூஜைக்கு சைக்கிள் பம்புக்குக்கூட மாலை விழும். அப்படியிருக்க என் கம்ப்யூட்டர்கள் மூலையில் மேஜைக்கடியில் கிடக்கலாமா? எல்லா மெஷினையும் அணைத்து, பெட்டிகளை மட்டும் கழற்றி, ஹாலில் சாமுண்டீஸ்வரி படத்துக்கு முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னேன். ரூபா கெஞ்சினாள்: "பேடாய்யா, வேண்டாம். இருக்கிற எடத்துலயே கும்பிடலாம்."

"அம்மன் என்ன மேஜை மேஜையா குனிஞ்சு பாத்துட்டு இருப்பாளா? எடுத்து வைங்கடா" என்றேன்.

ரௌட்டரை மட்டும் அவள் தொட விடவில்லை. அதன் தலையில் ஒரு மல்லிகைப் பூ வைத்தாள், அவ்வளவே.

பெட்டிகளைத் தூக்குவதற்கு முன்பே அந்தந்த அறையில் பொட்டு வைத்துவிட்டார்கள். வகுப்பு எடுக்கும் மாணிக்கவாசகம் பழுத்த சிவபக்தர், ரயில்வே குடும்பம். தன் அறைப் பெட்டிகளுக்கெல்லாம் விபூதி குழைத்து மூன்று கோடாகப் பட்டை போட்டார். என்ட்ரியைக் கவனிக்கிற ஹம்ஸாவுக்குப் பூர்வீகம் பெருமாள் கோயில் ஊரான மேல்கோட்டை. அவர் தம் பெட்டிகளுக்கு அழகாக நாமம் இட்டார். நான் விபூதிக்காரன்; ஆனாலும் தடுக்கவில்லை. என் கட்டடத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும் ரூபா கிளம்பிவிட்டாள். வீட்டில் அஞ்சலை காத்திருந்தாள். வேலைக்குப் போகாவிட்டாலும் மண் சுமந்த சட்டிக்கும் மண்வெட்டிக்கும் பூஜை போடாமல் அவள் சாப்பிடமாட்டாள். மகள் தேங்காய் உடைக்க வேண்டும். அவள் போன பிறகு வாட்ச்மேன் கெம்பையனும் வகுப்புப் பையன்களும் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வரிசையாக வைத்தது நான், அதில் ஒரு குறையும் இல்லை என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விடுமுறை கழிந்து ஆபீஸ் திறந்தோம். முரளிதரனின் பேட்ச் காலையிலேயே வந்து காத்திருந்தது. பெண்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சக்தி என்ற பெண் முதலில் குரல் கொடுத்தாள், "மேடம், படம் வரமாட்டேங்குது. ஃபாரத்தோட நெத்தி பாதிதான் வந்து நிக்குது."

பக்கத்து சீட்டுக்காரிக்கு நொண்டி நொண்டியாவது வந்துகொண்டிருந்தது. அடுத்தவளுக்கு வந்தது. அதற்கடுத்தவளுக்கு நின்றுவிட்டது. வரிசை முழுக்க இப்படி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

ரூபா ரௌட்டர் இருந்த அலமாரிக்கு ஓடினாள். முதல் சந்தேகம், விடுமுறையில் கரண்ட் போய் அவள் எழுதி வைத்த சட்டம் அழிந்திருக்குமோ என்று. அழியவில்லை. வரி வரியாக அப்படியே இருந்தது. அடுத்த சந்தேகம், பெரிய லைன் செத்துவிட்டதோ என்று. ரௌட்டரிலிருந்தே பெங்களூருக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தாள். பதில் பளிச்சென்று வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேட்டாள். லைனில் குறையில்லை என்றார்கள். நான் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். 

"பதில் வருதில்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"ஆமா, வருது..." என்றவள், நடந்துகொண்டே தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "தூ! இது செல்லாதுய்யா. ரௌட்டரு தானா அனுப்புறதுக்கு நான் போட்ட சட்டம் கிடையாது. செக்போஸ்ட் போலீஸே நடந்து போனா எவன் தடுப்பான்? மெஷின்லருந்துதான் பாக்கணும்."

மறுபடி உள்ளே ஓடினாள். சக்தியின் மெஷினிலிருந்து பார்த்தாள். மெதுவான வழியாகப் போயிற்று. பக்கத்து மெஷினிலிருந்து பார்த்தாள். பெரிய வழியாகப் போயிற்று. ரௌட்டரின் கணக்கும் அதையேதான் காட்டியது: சில மெஷின்களுக்குச் சட்டம் வேலை செய்கிறது, சிலவற்றுக்கு இல்லை. "எல்லாம் ஒரே வரிசை, எல்லாத்துக்கும் ஒரே சட்டம், இதுக்கு மட்டும் எப்படிய்யா தலைகீழா?" சட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள், எல்லோரும் ஒரே லைனில் விழுந்து எல்லாமே நின்றது. திரும்பப் போட்டாள். ரௌட்டரை அணைத்து ஏற்றினாள். பெண்கள் காத்திருந்து காத்திருந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு அறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பையன்கள் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன ஒழுக்கம் இவர்களுக்காவது ஏறியதே என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் முரளிதரன் கூப்பிட்டார். "பேட்ச் கால்வாசிகூட வரல சார். நாளைக்குக் காலையில எங்க ஆள் ஏறி வந்துருவான். அந்தப் பொண்ணுகிட்ட ஸ்பஷ்டமா சொல்லிடுங்க."

"சாயங்காலம்னுதான பேச்சு? இன்னும் வெயிலே சாயல. நானே பாலம் கட்டாத எடத்துல லைன் இழுத்தவன். வைங்க போனை" என்றேன். வைத்துவிட்டுப் பார்த்தால் ரூபா பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அய்யா, எங்கம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க" என்றாள். "போன வாரந்தான் கதவுல மஞ்சத் தண்ணியில கோலம் போட்டுச்சு. இனி எங்கயும் போகவேண்டாமேன்னு கேட்டுச்சு. நானும் ஆமான்னுட்டேன்."

 "டிபன் சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அதற்குள் போய்விட்டாள்.

ஹம்ஸா தட்டில் சுண்டல் கொண்டுவந்து நீட்டினார். "ஒரு வாய் போட்டுக்கோடி. இப்படி சுத்திண்டே இருந்தா மெஷின் பயந்துடும்." ரூபா ஒரு பிடி எடுத்து நடந்துகொண்டே மென்றாள். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. சீட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். மாணிக்கவாசகமும் தன் அறையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

அப்போது சக்தியின் ஊக்கு கீழே விழுந்தது. எடுக்க மேஜைக்கடியில் குனிந்தவள் அங்கிருந்தே கத்தினாள்:

"ஹம்ஸா மேடம்! என் பெட்டிக்கு யாரு பட்டை போட்டது? அதான் ஓடமாட்டேங்குது. நீங்க ஒரு நாமத்தப் போட்டு விடுங்க, பறந்துரும்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "விபூதிய வெச்சு விளையாடாதம்மா. ஓடலேன்னா உன் கை சரியில்ல."

"என் கைக்கு என்ன சார்? பக்கத்துல பாருங்க, நாமம். அது ஓடுது."

"ஏன் சார் கோவிச்சுக்கறேள்?" என்றார் ஹம்ஸா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எங்க பெருமாள் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்."

எனக்கே சுருக்கென்றது. அதெப்படி விபூதி வைத்தது மட்டும் நிற்கும்? "யாருடி இங்க சாமிய வம்புக்கிழுக்கறது?" என்று அதட்ட வாயெடுத்தேன்.

ரூபா நின்றுவிட்டாள். கையில் சுண்டலோடு, வரிசையின் நடுவில், அசையாமல். இத்தனை நாளில் அவள் அப்படி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பட்டையா?" என்றாள். "எங்க?"

சுண்டலை என் கையில் கொட்டிவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். மேஜைக்கடியில் தலையை விட்டு, தவழ்ந்துகொண்டே போனாள். "பட்டை. நாமம். நாமம். பட்டை. சக்தி, காலை எடு. பட்டை..." ஒவ்வொன்றுக்கும் மேலேயிருக்கிற பெண்ணைக் கேட்டாள், "உனக்கு நிக்குதா, ஓடுதா?"

பட்டை போட்டதெல்லாம் நின்றது. நாமம் போட்டதெல்லாம் ஓடியது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எழுந்து வகுப்பறைக்கு ஓடினாள். நாங்களும் ஓடினோம். அங்கே மேஜைக்கடியில் பாதிப் பெட்டி நாமத்தோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே பையன்கள் ஒழுக்கமாகக் கிரிக்கெட் வீரர்களின் படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் பெரிய லைனில்!

"பெட்டி மாறிப்போச்சுய்யா," என்றாள் ரூபா. மூச்சு வாங்கியது, முகமெல்லாம் மேஜைக்கடித் தூசி. "பூஜைக்குத் தூக்கினதுல. கிளாஸ் பெட்டி இங்க, நம்ம பெட்டி அங்க. ரௌட்டரு சீட்டையா பாக்குது? பெட்டிக்குள்ள இருக்கிற நம்பரத்தான பாக்குது. அது நான் சொன்ன மாதிரியே கரெக்டா செஞ்சிட்டிருக்கு. நாந்தான் காலையிலருந்து சீட்டையே பாத்துட்டிருந்தேன். உக்காந்திருக்கிற எடத்தப் பாத்தேனே தவிர, எங்கிருந்து வந்துச்சுன்னு நானே கேக்கல."

கெம்பையனைக் கூப்பிட்டேன். "ஏண்டா, எந்தப் பெட்டி எங்கன்னு பாக்க வேண்டாமா?"

"எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருந்துச்சுங் மொதலாளி," என்றான். "நீங்கதான ஒரே மாதிரி பாத்து வாங்குனீங்க."

அதுவும் வாஸ்தவம்.

"சரி, இப்பவே எல்லாத்தையும் தூக்கி மாத்திப் போடுங்கடா" என்றேன்.

"அய்யா!" என்று ரூபா கையெடுத்துக் கும்பிட்டாள். "மறுபடி தூக்கினா மறுபடி கலையும். யாரும் எதையும் தொடாதீங்க. ரௌட்டர்லயே மாத்தி எழுதறேன்."

அலமாரிப் பக்கம் நின்றாள். என்ட்ரி அறையில் பட்டை மெஷின்காரிகள் ஒவ்வொருத்தியாகத் தன் மெஷினின் நம்பரைத் திரையில் பார்த்துக் கத்தினார்கள். வகுப்பில் நாமப் பெட்டிகளின் நம்பரை மாணிக்கவாசகம் கத்தினார். புதிதாக எழுதுகிற வரி கடைசியில் போய் நிற்குமாம், மேலே இருக்கிற பழைய வரிதான் ஆளுமாம். அதனால் சட்டம் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். ஒரு கால் மாற்றி ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தது. ஹம்ஸா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நான் விபூதிப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரியைத் தட்டிவிட்டு, "சக்தி, பாரு" என்றாள்.

"வந்துருச்சு! முழு நெத்தியும் வந்துருச்சு!"

அதன்பிறகு அந்த அறையில் விசைகளின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மழை பிடித்த மாதிரி. யாரும் டீக்குக்கூட எழவில்லை. ரூபா மட்டும் வரிசைக்கு நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். பட்டை, நாமம் இரண்டும் சமமாக ஓடின. அதில் எனக்கொரு திருப்தி.

வெளியே தெருவிளக்கு எரிவதற்குள் போன் வந்தது. முரளிதரன்.

"எல்லாம் வந்தாச்சு சார். என்ன கோளாறு? ரௌட்டர் போயிடுச்சா?"

"ரௌட்டர் ராஜா மாதிரி இருக்கு. ஒண்ணே போதும்னு எங்க பொண்ணு சொன்னா, ஒண்ணே போதும். உங்க ஆளு பஸ் டிக்கெட் எடுத்துட்டானா?"

"இல்ல, இனிமேத்தான்..."

"எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ டிக்கெட் வேண்டாம் என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு, "சரி சார். அந்தப் பொண்ணே பாத்துக்கட்டும்" என்றார்.

ரூபாவைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். தூசி இன்னும் பரவியது.

"இப்பவாவது அந்த நாற்காலியில உக்காரு அம்மிணி" என்றேன்.

உட்காரத்தான் போனாள். பையை எடுத்துக் கையில்கூட வைத்துக்கொண்டாள். அதற்குள் மாணிக்கவாசகம் வந்து நின்றார். "ரூபா, எங்க பசங்க லைன் என்னாச்சு? காலையிலருந்து பறந்துட்டிருந்துச்சு, திடீர்னு ஆமை மாதிரி ஊருது. என்னமோ கோளாறு, வந்து பாரும்மா."

"கோளாறு சரியாயிடுச்சு சார், அதான் ஊருது," என்றாள். ஆனாலும் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் பின்னால் போனாள்.

இதோ அடுத்த தசரா வருகிறது. மெஷின்களை ஹாலில்தான் வரிசை வைப்பேன், அதில் மாற்றமில்லை. ரூபாவிடம் சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: பூஜை முடிந்து பெட்டிகள் திரும்பப் போய் உட்காரும்வரை அவள் இடத்தைவிட்டு நகரமாட்டாளாம். வீட்டுப் பூஜைக்குப் போக நேரமிருக்காதாம். அதனால் அஞ்சலையை மண் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வரச் சொல்லியிருக்கிறாள்.

வரட்டும் என்றேன். அம்மனுக்கு முன்னால் முதல் வரிசையில் இடம் விட்டு வைக்கக் கெம்பையனிடம் சொல்லியாயிற்று. சட்டிக்குப் பட்டையா நாமமா என்பதை அஞ்சலையே பார்த்துக்கொள்ளட்டும்.